வேலி தாண்டாத பூச்செடிகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையோர நர்சரிகளின் முன்வரிசை எப்போதும் பூத்தே இருக்கிறது. காகிதப்பூ, டெக்கோமா, மயிற்கொன்றை, ஹமேலியா, துராந்தா, ஜட்ரோபா, பென்டாஸ், குட்டையாக வளரும் கலப்பின உண்ணிச்செடி. பென்டாஸ் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மற்றவை அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தவை. ஆவாரையோ நொச்சியோ காயாவோ கேட்டால் கடைக்காரர் பின்பக்கம் போய்த் தேட வேண்டியிருக்கும். இட்லிப்பூ என்று எடுத்துவந்து தருவதுகூடப் பெரும்பாலும் சீனத்து வெட்சியின் குட்டை வகைதான். கோதாவரிக் கரையில் இருக்கும் கடியம் போன்ற நர்சரி ஊர்களிலிருந்து லாரியேறி வரும் சரக்கு ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. புது வீடு கட்டி, வாசலில் ஆறடி மண்ணை மிச்சம் வைத்திருக்கும் ஒருவர் என்ன வாங்கப்போகிறார் என்பதை அந்த முன்வரிசையே முடிவுசெய்துவிடுகிறது.

அந்த ஆறடி மண்ணில் எதை வைப்பது என்பதில் இன்று இரண்டு கட்சிகள் உண்டு. மண்ணுக்குரிய செடியைத் தவிர வேறெதையும் நடக்கூடாது என்பது ஒன்று. பூத்தால் போதும், பட்டாம்பூச்சி வந்தால் போதும் என்பது மற்றொன்று. முதல் கட்சி செடியின் பிறந்த ஊரை மட்டும் பார்க்கிறது. இரண்டாவது கட்சி பூவை மட்டும் பார்க்கிறது. தமிழ்நாட்டின் கடற்கரைச் சமவெளியையும் அதன் உட்பகுதியையும் மனத்தில் வைத்து இந்தக் கேள்வியை முழுதாகப் பார்த்தால், வெளிநாட்டுப் பூச்செடிகள் சிலவற்றுக்கு நம் தோட்டத்தில் இடமுண்டு என்பதே என் முடிவு. ஆனால் கன்று வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இதன் விதை எங்கே போகும் என்பதை. அடுத்து, இதன் இலையை யார் தின்கிறார்கள். அதன்பின், எவ்வளவு தண்ணீர் கேட்கும். பூவின் நிறம் இந்த மூன்றுக்கும் பிறகுதான் வரவேண்டும்.

விதையின் பயணம்

உண்ணிச்செடியைத் தொடாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. 1809-ஐ ஒட்டிக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாகக் கொண்டுவரப்பட்டது இது. ஒரே கொத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்து பூக்கும்; வறட்சி தாங்கும்; ஆடுமாடு வாய் வைக்காது. தோட்டக்காரர் ஒரு செடியிடம் விரும்புகிற அத்தனை குணமும் இதற்கு உண்டு. அந்தக் குணங்களே காட்டிலும் வேலைசெய்தன. கறுத்துப் பழுத்த சிறு பழங்களைக் கொண்டைக்குருவிகளும் மைனாக்களும் தின்று போகிற இடமெல்லாம் விதையை எச்சமிட்டன. தண்டை வெட்டினால் அடியிலிருந்து மறுபடி தழைத்தது. இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மைல் கணக்கில் உண்ணிப் புதர் படர்ந்து, மான் மேயும் புல்லையும் மரக்கன்றுகளையும் மூடிக்கிடக்கிறது. இந்தியாவில் புலி வாழும் பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் இதன் பிடியில் இருப்பதாக 2020-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அத்தனைக்கும் தொடக்கம், ஒரு தோட்டத்துக்கு நல்ல பூச்செடி வேண்டும் என்ற ஆசை.

அது பழைய காலத்துத் தவறு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மஞ்சள் கொன்றை என்று இப்போது செய்திகளில் வரும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ், நிழலுக்கும் அழகுக்கும் வைத்த சிறு மரம். வயநாட்டிலிருந்து முதுமலை வரை அது காட்டுக்குள் நுழைந்துவிட்டது. அதை வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்பத் தமிழ்நாடு அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே 2022-இல் ஒரு கொள்கையையும் அரசு வெளியிட்டது. காட்டுக்குள் போன பிறகு ஆகும் செலவையும் ஆள்பலத்தையும் பார்க்கிறவர்களுக்கு, நர்சரி வாசலில் கொஞ்சம் யோசிப்பது பெரிய சிரமமாகத் தெரியாது.

"இத்தனை வருஷமாக என் வீட்டில் இருக்கிறது, எங்கும் பரவவில்லையே" என்று சொல்கிறவர்கள் உண்டு. இந்த வாதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அயல்தாவரம் ஒன்று வந்து சேர்ந்ததற்கும் பரவத் தொடங்கியதற்கும் இடையே எத்தனை காலம் ஆனது என்று ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதியில் கணக்கிட்ட கோவாரிக் என்ற தாவரவியலாளர், புதர்ச்செடிகளுக்குச் சராசரியாக 131 ஆண்டுகள், மரங்களுக்கு 170 ஆண்டுகள் என்று 1995-இல் எழுதினார். அந்தக் குளிர்நாட்டுக் கணக்கை வைத்து நாம் ஆறுதல் கொள்ள முடியாது. ஹவாயில் நட்டுப் பார்த்த செடிகளின் பதிவுகளை 2009-இல் ஆராய்ந்த டேலர் என்ற ஆய்வாளர், வெப்பநாட்டில் மரவகைத் தாவரங்களுக்கு அந்த இடைவெளி சராசரி 14 ஆண்டுகள்தான், சிறு பூண்டுகளுக்கு 5 ஆண்டுகள்தான் என்று காட்டினார். உறைபனி இல்லை, வளர்ச்சி நிற்பதில்லை, ஒரே ஆண்டில் இரண்டு மூன்று முறை காய்க்கிறது. ஆகவே நம் ஊரில் ஒரு செடியின் நடத்தையை நம் வாழ்நாளிலேயே பார்த்துவிடலாம். தோட்டத்தில் தாய்ச்செடியைச் சுற்றி, நடாமல் முளைத்த கன்றுகள் தென்படுகின்றனவா என்பதே முதல் சான்று.

ஒரு செடி பரவுமா என்று முன்கூட்டியே கணிப்பதை ஆஸ்திரேலியா 1997 முதல் முறையாகவே செய்கிறது. புதிதாக எந்தச் செடியை இறக்குமதி செய்வதானாலும் 49 கேள்விகளுக்கு விடை கண்டு மதிப்பெண் போட்ட பிறகே அனுமதி. வீட்டுத் தோட்டக்காரருக்கு அத்தனை கேள்வி தேவையில்லை. அவற்றின் சாரமான சிலவே போதும். இந்தச் செடி வேறு எந்த வெப்பநாட்டிலாவது களையாகியிருக்கிறதா? பறவை தின்னும் பழமா, காற்றில் பறக்கும் விதையா, அல்லது தாய்ச்செடியின் காலடியிலேயே விழும் கனமான விதையா? வெட்டினால் தழைக்குமா? விழுந்த கொம்பு வேர் பிடிக்குமா? முதல் கேள்விக்கு ஆம் என்று விடை வந்தால் மற்றவற்றைக் கேட்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது.

இலையைத் தின்கிறவர்கள்

இனி உணவுக் கணக்கு. ஒரு பூச்செடியில் பட்டாம்பூச்சி மொய்ப்பதைப் பார்த்து அந்தச் செடி நல்லது என்று முடிவுகட்டுவது எளிது. உண்ணியிலும் மொய்க்கின்றன, சாலையோரத்துச் சீமை நாயுருவியிலும் மொய்க்கின்றன. தேன் பொதுவான பண்டம். நாக்கு எட்டினால் எந்தப் பூவிலும் குடிக்கலாம். இலை அப்படியில்லை. ஒவ்வொரு தாவரக் குடும்பமும் தன் இலையில் தனக்கான நஞ்சை வைத்திருக்கிறது. அந்த நஞ்சோடு நெடுங்காலம் பழகிய புழுவால் மட்டுமே அதைத் தின்று வளர முடிகிறது. எருக்கு இலையை வெந்தய வரியனின் புழு தின்கிறது, கறிவேப்பிலையைக் கறிவேப்பிலை அழகியின் புழு தின்கிறது, விழுதியை வெள்ளைச் சிறகுப் பட்டாம்பூச்சிகள் சிலவற்றின் புழுக்கள் தின்கின்றன. இலை கொடுக்காத தோட்டத்துக்குப் பட்டாம்பூச்சி வந்து குடித்துவிட்டுப் போகும், அங்கே பிறக்காது. தையல்சிட்டும் தேன்சிட்டும் தம் குஞ்சுகளுக்கு ஊட்டுவது புழுவையும் பூச்சியையும்தான்.

இதை அளந்து பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் நடந்தவை. அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் டாலமி இந்த வாதத்தைப் பொதுமக்களிடம் கொண்டுபோனவர். அவரும் நரங்கோ, மாரா என்ற ஆய்வாளர்களும் சேர்ந்து வாஷிங்டன் புறநகர் வீட்டுத் தோட்டங்களில் ஒரு சிறு பறவையைப் பின்தொடர்ந்து, தோட்டத்துப் பசுமையில் மண்ணுக்குரிய செடிகளின் பங்கு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்தப் பறவை தன் எண்ணிக்கையைத் தக்கவைக்க முடியவில்லை என்று 2018-இல் காட்டினர். இங்கிலாந்தில் விஸ்லி தோட்டத்தில் 2010 முதல் 2013 வரை நடந்த சோதனை வேறொரு பக்கத்தையும் காட்டியது. மண்ணுக்குரிய செடிகளின் பாத்தியோடு ஒப்பிட, உறவுள்ள பக்கத்து நிலச் செடிகளின் பாத்தியில் இலைவாழ் பூச்சிகள் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே குறைந்தன; தொலைதூரச் செடிகளின் பாத்தியில் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தன. ஆனால் தேன் தேடி வருபவற்றுக்குப் பருவத்தின் கடைசியில் பூ கொடுத்தவை அந்தத் தொலைதூரச் செடிகளே. எந்தப் பாத்தியானாலும் இலை அடர்ந்திருந்தால் பூச்சி கூடியது.

இந்த எண்களை அப்படியே பெயர்த்து நம் ஊருக்குப் பொருத்துவது சரியாகாது. ஆனால் உறவு முக்கியம் என்ற உண்மை நம் தோட்டத்திலும் கண்ணுக்குத் தெரிகிறது. கொடிவேலி என்னும் சித்திரமூலம் நம் புதர்க்காட்டுச் செடி, வெள்ளைப் பூ. அதன் இலையிலும் மொட்டிலும் வளர்வது, சிறகின் அடியில் வரிவரியாகக் கோடுள்ள ஒரு சிறு நீலப் பட்டாம்பூச்சி. நர்சரியில் நீலப் பிளம்பேகோ என்று விற்கும் செடி தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. ஆனால் அதே பேரினம். அந்தப் பட்டாம்பூச்சி இதன் மொட்டிலும் முட்டையிடுகிறது, புழுவும் வளர்கிறது. விதை தூரம் போகாத, வெயில் தாங்குகிற, ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் வானநிறப் பூ தருகிற இந்தச் செடியைத்தான், வெளிநாட்டுச் செடி ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் நான் சொல்வேன்.

உறவில் ஓர் ஆபத்தும் உண்டு. ஃபுளோரிடாவுக்கே உரிய ஓர் உண்ணி இனம், அங்கே கொண்டுவரப்பட்ட தோட்டத்து உண்ணியோடு கலந்து கலந்து, தன் தூய வடிவத்தை இழந்துவருகிறது. ஆகவே பக்கத்தில் காடோ கோயில்காடோ இருந்தால், அங்குள்ள அரிய செடியின் நெருங்கிய உறவைத் தோட்டத்தில் வைக்காதிருப்பது நல்லது.

வருபவருக்கு ஏற்ற பூ

தேனைப் பொதுவான பண்டம் என்றேன். அதிலும் உருவம் பொருந்த வேண்டும். அமெரிக்கச் செடிகளின் சிவந்த குழல்பூக்கள் பல, அந்தரத்தில் நின்று குடிக்கும் ரீங்காரச் சிட்டுக்காக உருவானவை. நம் தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்தே குடிக்கிறது. ஹமேலியாவின் ஆரஞ்சுக் குழலுக்குள் அலகை விடாமல் அடியில் துளைபோட்டுத் தேனை எடுத்துக்கொண்டு போவதைப் பொறுமையாகப் பார்த்தவர்கள் அறிவார்கள். பறவைக்கு உணவு கிடைக்கிறது, பூவுக்கு மகரந்தச் சேர்க்கை நடப்பதில்லை. தோட்டக்காரருக்கு இதில் நஷ்டமில்லை. அதே தேன்சிட்டு வலம்புரியின் செங்கல்நிறப் பூவிலோ காட்டாத்தியின் சிவந்த கொத்திலோ குடிக்கும்போது நெற்றியில் மகரந்தம் படுகிறது. அங்கே பூவும் பறவையும் ஒன்றுக்கொன்று பழகியவை.

ஆவாரம்பூவின் கதை இன்னும் நேர்த்தியானது. அதில் தேனே இல்லை. மகரந்தப் பைகள் பிளப்பதுமில்லை; நுனியில் சிறு துளை மட்டும். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ மகரந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரவைக்கிறது. அந்த அதிர்வில்தான் துளை வழியே மகரந்தம் கொட்டுகிறது. தோட்டத்தில் ஆவாரை இருந்தால் காலையில் அந்த ரீங்காரம் நிச்சயம் கேட்கும். இலையோ, ஊர்விட்டு ஊர் கூட்டமாகப் போகும் வெளிர்நிறப் பட்டாம்பூச்சிகளின் புழுவுக்கு உணவு. இத்தனையும் தண்ணீர் விடாத செம்மண் மேட்டில் நடக்கிறது. ஆவாரைக்கு இணையாக ஒரு மஞ்சள் பூச்செடி டெக்கோமா என்று நினைத்து வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அடுக்குப் பூக்களையும் இங்கே சொல்ல வேண்டும். அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை, அடுக்கு அரளி ஆகியவற்றில் மகரந்தத் தாள்கள் இதழாக மாறிவிட்டன. மகரந்தம் குறைவு, தேனுக்குப் போகும் வழியும் அடைபட்டிருக்கும். பூசைக்கும் தலைக்கும் அது அழகு. தேனீக்கு அங்கே வேலையில்லை. ஒற்றை இதழ் நந்தியாவட்டை அந்தியில் மணம் விட்டு இரவு விட்டில்களை அழைக்கிறது. அதன் இலையை, அரளி இலையைத் தின்னும் அதே பச்சை விட்டிலின் பருத்த புழு தின்கிறது. நந்தியாவட்டையை நம்முடையது என்றே கொள்ளலாம். இரண்டு வகையும் ஒரே விலையில் கிடைக்கும்போது ஒற்றையை எடுப்பதற்கு ஒரு நொடி யோசனைதான் செலவு.

ஒவ்வொன்றாக

இப்போது முன்வரிசைக்குத் திரும்பி, ஒவ்வொரு செடிக்கும் என் தீர்ப்பைச் சொல்கிறேன். கடற்கரைச் சமவெளி, மதுரை, திருச்சி, கொங்குச் சமவெளி ஆகிய இடங்களை வைத்தே இது.

உண்ணி எந்த வடிவிலும் வேண்டாம். மலட்டு உண்ணி என்ற பேச்சு உண்டு. ஃபுளோரிடா பல்கலைக்கழகம் காய்க்காத வகைகளைச் சோதித்து உருவாக்கி வெளியிட்டிருப்பதும் உண்மை. ஆனால் நம் நர்சரித் தொட்டியில் இருப்பது அந்த வகைதானா என்று சொல்லும் சீட்டு எதுவும் இல்லை. பச்சைக்காய் பிடித்திருந்தால் அது மலடு இல்லை.

டெக்கோமாவின் நீண்ட காய் வெடித்தால் காகிதம்போன்ற சிறகோடு நூற்றுக்கணக்கில் விதை பறக்கும். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளிலும் அது களை. இங்கும் சுவர் விரிசல்களிலும் பாதையோரங்களிலும் தானாக முளைத்து நிற்பதைப் பார்க்கலாம். புதிதாக நட வேண்டாம். இருப்பதைக் காய் முற்றுமுன் கவாத்து செய்தாக வேண்டும். துராந்தாவின் மஞ்சள் பழம் பறவைக்கு உணவு, குழந்தைக்கு நஞ்சு. வேலிக்கு அதைவிட நல்லவை உண்டு. மெக்சிகோ பெட்டூனியா என்ற ஊதாப் பூச்செடி ஃபுளோரிடாவின் நீரோரங்களை அடைத்துக்கொண்டது. ஏரிக்கரை, வாய்க்கால் பக்கத்து வீடுகளில் கூடவே கூடாது. அதன் உறவான வெடிக்காய்ச் செடி, நாம் சிறுவயதில் எச்சில் தொட்டு வெடிக்கவைத்தது, அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்து ஊரெங்கும் பரவியதுதான். அதன் இலையில் நம் பட்டாம்பூச்சிகள் சில வளர்கின்றன. அதைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன், விதைக்கவும் சொல்ல மாட்டேன்.

மயிற்கொன்றை வைக்கலாம். விதை கனமானது, காய் வெடித்துச் சில அடி தூரமே போகிறது. அதன் நீண்ட மகரந்தத் தாள்களில் பெரிய பட்டாம்பூச்சிகளின் சிறகு உரசி மகரந்தம் ஒட்டுவதைக் கண்ணால் காணலாம். மூன்று மீட்டர் வரை விரியும், ஆகவே சிறு வாசலுக்கு ஒன்று போதும். பென்டாஸ் ஓர் அடக்கமான செடி. நிழல் கலந்த இடத்திலும் பூக்கும். ஜட்ரோபாவின் செந்நிறக் கொத்து ஆண்டு முழுக்க உண்டு. பால் நஞ்சு, கவாத்து செய்தால் கை கழுவ வேண்டும். ஹமேலியாவின் பழத்தைப் பறவைகள் தின்கின்றன. ஊர் நடுவில் வைக்கலாம், மலையடிவாரத்தில் வேண்டாம்.

காகிதப்பூ நன்மையும் அதிகம் செய்யாது, தீமையும் செய்யாது. வண்ணமாகத் தெரிவது பூவிலை; உள்ளே இருக்கும் வெண்சிறு குழல்தான் பூ. நம் ஊரில் அரிதாகவே காய்க்கிறது. உப்புக்காற்றையும் வறட்சியையும் தாங்கும். மதிலுக்கு மேலே வண்ணம் வேண்டுமென்றால் ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தோட்டமே காகிதப்பூவாக இருந்தால் அந்த இடத்தில் புழுவும் இல்லை, அதைத் தின்னும் பறவையும் இல்லை.

செம்பருத்தியும் அரளியும் வெளிநாடா உள்நாடா என்ற விவாதத்துக்குள் போக மாட்டேன். தமிழர் வீட்டில் அவற்றுக்கு இடம் நிரந்தரம். ஒற்றைச் செம்பருத்தியில் தேன்சிட்டு குடிக்கும். ஆனால் அது மாவுப்பூச்சிக்கும் வீடு. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டபோது, பப்பாளி, மரவள்ளி, மல்பெரியோடு செம்பருத்தியும் அதற்கு உணவானது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டு விடப்பட்ட பிறகே அது அடங்கியது. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. 2024-இல் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை விலக்கியது. மஞ்சள் அரளியின் விதை இதயத்தைத் தாக்கும். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம். செவ்வரளியில் வெண்புள்ளிக் கருப்பனின் புழு வளர்கிறது, கூட்டுப்புழு வெள்ளிக் காசாக மின்னும். அதற்காகவே கொல்லைக் கோடியில் ஒன்றை நான் ஆதரிப்பேன்.

முதுகெலும்பு

கலப்பது என்றால் பாதிக்குப் பாதி இல்லை. எதோடு கலக்கிறோம் என்பது முதலில் இருக்க வேண்டும். சோழமண்டலக் கரையின் இயற்கைக் காடு, என்றும் பசுமையாக இருக்கிற உலர்காடு. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். பிறகு நீண்ட வறட்சி. மரக்காணம் பக்கத்துப் புத்துப்பட்டு போன்ற கோயில்காடுகளில்தான் அந்தக் காட்டின் மிச்சம் இருக்கிறது. ஆரோவில்காரர்கள் 1968-க்குப் பிறகு, பாளம்பாளமாக அரித்துக் கிடந்த செம்மண் மேட்டில் முதலில் ஆஸ்திரேலிய வேல மரங்களை நட்டு நிழலும் இலைக்குப்பையும் உண்டாக்கி, அதன்பின் இந்தக் காட்டுச் செடிகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 2011-இல் திறந்த சென்னை அடையாறு பூங்காவின் 58 ஏக்கரிலும் இந்தச் செடிகளையே நட்டார்கள். நகரத்துக்கு இவை ஒத்துவராது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

புறத்திணைக்கே பெயர் தந்த வெட்சி இந்தக் காட்டைச் சேர்ந்தது. நீண்ட மெல்லிய குழலின் அடியில் தேன். நீண்ட நாக்குள்ள பெரிய பட்டாம்பூச்சிகளுக்கே எட்டும். செடி ஆளுயரம் போகும். குட்டைச் சீனத்து வகையை விட்டு இதைக் கேட்டு வாங்குங்கள். பாவட்டையும் சுலுந்தும் அதன் உறவுகள். வெள்ளைக் கொத்து, அந்தி மணம். களா முள்வேலிக்கு, மல்லிகை போன்ற பூ, ஊறுகாய்க்குக் காய். நொச்சி வேலியில் தேனீ எப்போதும் இருக்கும். கடலோர உப்பு மணலில் சங்கங்குப்பிக்கு நிகர் இல்லை. கத்தரித்தால் மதில் போல நிற்கும், அந்தியில் வெண்பூ விரியும். கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. டெல்லிக் கனகாம்பரத்துக்குப் பதில் நாட்டு வகையை மர நிழலில் விட்டால் மழைத்துளி பட்டுக் காய் வெடித்துத் தானே பெருகும். காயா மட்டும் பொறுமை கேட்கும். மிக மெதுவாக வளரும். பூக்கும்போது இலையடியிலும் கொம்பெங்கும் நீலம் அப்பிக்கொள்வதைப் பார்க்கிறவர்கள் காத்திருந்ததற்கு வருந்த மாட்டார்கள்.

இந்த வேக வித்தியாசம்தான் கலப்புத் தோட்டம் கெட்டுப்போக முக்கியக் காரணம். ஹமேலியாவும் மயிற்கொன்றையும் ஓராண்டில் தலைக்கு மேலே போய்விடும்; அதே நாளில் நட்ட காயா முழங்காலில் நிற்கும். மெதுவானதை முதலில் நட்டு, ஒரு மழைக்காலம் கடந்த பின் வேகமானதை மேற்குப் பக்கம் தள்ளி நட்டால், பிற்பகல் வெயிலுக்கு அது மறைப்பாகும். கவாத்துக் கத்தி எப்போதும் வேகமானதன் மேல் இருக்கட்டும்.

தண்ணீரும் அப்படித்தான். தினம் நீர் கேட்கும் பென்டாஸையும் நீர் தேங்கினால் வேரழுகும் ஆவாரையையும் ஒரே பாத்தியில் வைத்தால் இரண்டில் ஒன்று போகும், பெரும்பாலும் போவது ஆவாரை. துளை பைப் போகும் பக்கம் பென்டாஸ், ஜட்ரோபா, கனகாம்பரம்; மேட்டுப் பக்கம் ஆவாரை, நொச்சி, களா, காகிதப்பூ என்று நிலத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தொழு உரத்தை மேட்டுப் பக்கம் அள்ளிப் போட்டால் இலைதான் வரும். ஆவாரை விதையின் தோல் கடினம். சுடுநீரில் ஓரிரவு ஊறவைத்து, தொட்டியில் இல்லாமல் நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது மேல், ஆணிவேர் இடமாற்றத்தை விரும்பாது. நொச்சியும் சங்கங்குப்பியும் கொம்பிலிருந்தே வரும்.

நர்சரியில் வாங்கிய கன்றைப் பட்டாம்பூச்சிக்கு என்று நடுகிறவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். மாவுப்பூச்சிக்கு இமிடாகுளோபிரிட் போன்ற மருந்து அடித்திருந்தால் அது சாற்றோடு இலைக்கும் தேனுக்கும் போகிறது. புழு செத்து விழும், தேனீயும் தப்பாது. என்ன அடித்தீர்கள் என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை. புதுத் தளிர் வந்து பழைய இலை உதிரும் வரை அந்தச் செடியில் முதல் பூக்களைக் கிள்ளிவிடுவது நல்லது.

எங்கே இருக்கிறது தோட்டம்

மேலே சொன்ன எல்லாத் தீர்ப்பையும் இடம் திருத்தும். சென்னை நடுவில், நாலாபுறமும் சிமெண்டு சூழ்ந்த வீட்டில் ஒரு ஹமேலியாவின் விதை போக இடமில்லை. அங்கே என் கண்டிப்பு குறைவு. பறவை அரைமணி நேரத்தில் காட்டை எட்டிவிடும் கூடலூர், வால்பாறை, கொடைக்கானல் அடிவாரம், சிறுமலை, ஏற்காடு ஆகிய இடங்களில் சதையுள்ள பழம் தரும் எந்த வெளிநாட்டுச் செடியும் வேண்டாம் என்றே சொல்வேன். மலைவாசத்தலங்களின் விடுதிகள் இதைக் கேட்க வேண்டும். ஊர்ப்புறத்துப் பண்ணைவீடுகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. அங்கே ஏரிக்கரையும் கோயில்காடும் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து முடிவு.

ஏற்கெனவே உண்ணிப் புதர் நிற்கும் மனை உங்களுக்குக் கிடைத்திருந்தால் அதை மேலாக வெட்டிப் பயனில்லை, எரிக்கவும் வேண்டாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபுவும் அவர் குழுவினரும் வகுத்த முறை எளிது. பூவும் பழமும் இல்லாத நேரமாகப் பார்த்து, மண்ணுக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே, தழைக்கும் கணுவுக்கு அடியில் ஆணிவேரை வெட்டி, புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். அது அங்கேயே காயும், மறுபடி தழைக்காது. மண்ணுக்குள் கிடக்கும் விதைகள் அடுத்த மழைக்கு முளைக்கும். அவற்றை விரலளவில் இருக்கும்போதே பிடுங்குவது எளிது. வெற்றிடமாக விட்டால் உண்ணியே திரும்ப வரும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன்பே அந்தக் குழிகளில் நொச்சிக் கொம்பும் களா விதையும் ஊன்றி, நடுவில் காயாவுக்கு இடம் விட்டு, வெட்டிய இலைகளை மூடாக்காகப் பரப்பிவிடுங்கள். இரண்டாம் ஆண்டு நொச்சி இடுப்புயரம் வந்து மண்ணுக்கு நிழல் விழுந்த பிறகு, வீட்டுப் பக்கத்து ஓரத்தில் ஒரு நீலப் பிளம்பேகோவுக்கும் ஒரு மயிற்கொன்றைக்கும் தாராளமாக இடம் இருக்கும்.